முடக்குவாதம் இருக்கிறது, ராத்திரியில் வியர்த்துக் கொட்டுகிறது: என்ன பார்க்க வேண்டும், எப்படிச் சமாளிக்கலாம்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் ஆந்திர ஊர் நகரியில் சித்திரை, வைகாசி மாதங்களில் ராத்திரி வியர்க்காத ஆள் கிடையாது. பக்கத்துத் திருத்தணியில் பகல் வெயில் 110 டிகிரியை ஒட்டிப் போகும். சுவரும் மொட்டைமாடியும் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு பாதி ராத்திரி வரை விடும். அதனால் இங்கே முடக்குவாதக்காரர் ஒருவர் "ராத்திரி நைட்டியே நனைஞ்சு போகுது" என்று சொன்னால் உடனே வருகிற பதில், "இந்த வெயில்ல யாருக்குத்தான் வியர்க்கல?" வீட்டில் சொல்வார்கள், மருந்துக்கடையில் சொல்வார்கள், சில டாக்டர்களும் அப்படியே சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பதிலை நம்பிப் பேசாமல் இருந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது தறி வீடு. தார் சுற்றிய விரல்கள் முதலில் காலையில் மடங்க மறுத்தன. அப்புறம் மணிக்கட்டு, முழங்கால் என்று வந்தது. டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று சொல்கிற இந்த முடக்குவாதத்தோடு பல வருடங்களாக வாழ்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் ராத்திரி வியர்வையைப் பற்றி டாக்டர்களிடம் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டதும், கை வராத ராத்திரிகளில் செய்து பார்த்துப் பழகியதும் இருக்கிறது.

முதலில், எந்த வியர்வையைக் கணக்கில் எடுக்க வேண்டும்? கழுத்தடியும் முதுகும் பிசுபிசுவென்று இருந்தால் அது புழுக்கம். கரண்ட் வந்து விசிறி ஓடினால் போய்விடும். நான் சொல்வது ஆளைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிற வியர்வை. உடுப்பு முதுகோடு ஒட்டியிருக்கும், தலையணை உறை ஈரமாகியிருக்கும், மாற்றாமல் மறுபடி படுக்க முடியாது. எங்கள் ஊருக்கு நல்ல சோதனை ஒன்று உண்டு. எழுந்ததும் அதே அறையில் அதே விசிறிக்குக் கீழே படுத்திருப்பவரின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். அவரும் நனைந்திருந்தால் அது வீட்டின் சூடு. அவர் காய்ந்த உடம்போடு தூங்க, நீங்கள் மட்டும் நனைந்திருந்தால் அது உங்கள் உடம்பு சொல்கிற சேதி. மார்கழி, தை மாதத்தில், நகரி மூக்கு மலையே பனியில் மறைந்துபோகிற நாட்களில், ஊரே போர்த்திக்கொண்டு படுத்திருக்கும்போது உங்களுக்கு மட்டும் வியர்த்துக் கொட்டினால் யோசிக்கவே வேண்டாம். டாக்டரிடம் போக வேண்டும்.

ஏன் இப்படி வியர்க்கிறது? முடக்குவாதத்தில் உடம்பின் காவல் படை நம் மூட்டுச் சவ்வையே எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. அந்தச் சண்டையில் டி.என்.எஃப்., ஐ.எல்.-6 என்ற பொருட்கள் ரத்தத்தில் கலக்கின்றன. இவை மூளையில் உடம்புச் சூட்டைக் கட்டுப்படுத்தும் இடத்துக்குப் போய் அளவை ஏற்றி வைத்துவிடுகின்றன. உடம்பு லேசாகச் சுடும், சில சமயம் குளிரும். பிறகு அந்த அளவு இறங்கும்போது, ஏறிய சூட்டை வெளியேற்ற வியர்வை கொட்டுகிறது. இதெல்லாம் ராத்திரியில் நடப்பதற்கும் காரணம் இருக்கிறது. இந்த வீக்கச் சண்டையை, அதாவது அழற்சியை, அடக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனின் சுரப்பு நடுராத்திரியை ஒட்டித்தான் மிகக் குறைவாக இருக்கும். ஐ.எல்.-6 விடியற்காலையில் ஏறும். காலை விறைப்பும் இதே கணக்கில் வருவதுதான். ஆகவே மூட்டு வீக்கம் கூடி, காலை விறைப்பும் நீண்டு, கூடவே ராத்திரி வியர்வையும் வந்தால், நோய் கட்டுக்குள் இல்லை என்று நினைக்க இடமுண்டு.

ஆனால் வியர்வை முடக்குவாதத்தின் முக்கிய அறிகுறி அல்ல. "எல்லாம் சரவாங்கிதான்" (முடக்குவாதத்துக்கு இன்னொரு பெயர்) என்று அதன் தலையிலேயே போட்டுவிட்டால் வேறு ஒன்று நழுவிப்போகும். அந்த வேறு ஒன்றில் நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது காசநோய்.

காசநோய்க் கிருமி நம்மில் பலருடைய உடம்பில் ஒன்றும் செய்யாமல் தூங்கிக்கொண்டிருக்கும். நமக்குக் கொடுக்கும் மருந்துகள் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிறவை. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு, அடாலிமுமாப், இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற ஊசிகள், டோஃபாசிடினிப் மாத்திரை, இவையெல்லாம் தூங்குகிற கிருமியை எழுப்பிவிடலாம். இன்ஃப்ளிக்ஸிமாப் போட்டவர்களிடம் காசநோய் கிளம்புவதை 2001-இல் மருத்துவர்கள் தொகுத்து வெளியிட்ட பிறகுதான், இந்த ஊசிகளைத் தொடங்கும் முன் மார்பு எக்ஸ்-ரேயும் மான்டூ என்ற தோல் சோதனையோ ஐ.ஜி.ஆர்.ஏ. என்ற ரத்தச் சோதனையோ எடுப்பது எங்கும் கட்டாயம் ஆனது. முன்பு எடுத்த சோதனை சரியாக இருந்தது என்பதற்காக இப்போதும் இல்லை என்று அர்த்தம் இல்லை. நடுவில் புதிதாகவும் தொற்றலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலம் காய்ச்சல், எடை குறைவது, ராத்திரி வியர்வை. இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் சோதனை கேளுங்கள். இருமல் இல்லாமலும் காசநோய் வரும். கழுத்திலோ அக்குளிலோ கட்டி, வயிற்றில், முதுகெலும்பில், ஏன், ஒரே ஒரு மூட்டிலும்கூட வரும். ஒரு மூட்டு மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் தனியாக வீங்கிக்கொண்டே போனால் அதை டாக்டரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. தெர்மாமீட்டர் 98 காட்டினாலும் எடை இறங்கிக்கொண்டிருந்தால் விடாதீர்கள்.

காசநோய்ச் சோதனையும் மருந்தும் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். தேசியத் திட்டம் என்பதால் ஆந்திரா கார்டா தமிழ்நாடு கார்டா என்ற பேச்சே கிடையாது. 1800-11-6666 என்ற நிக்ஷய் (காசநோய்த் திட்டத்தின்) உதவி எண்ணுக்குக் கட்டணம் இல்லை. காசநோய் என்றால் வெளியே தெரிந்துவிடும், பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரம் என்று தள்ளிப்போடுகிற வீடுகளை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். தள்ளிப்போட்டால் அந்தப் பெண்ணுக்கும் தொற்றலாம். இதில் நான் யாரிடமும் மென்மையாகப் பேசுவதில்லை.

மற்ற காரணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. முடக்குவாதம் அதிகம் பாடுபடுத்துகிற வயதும் ஏறக்குறைய அதுதான். நெஞ்சிலிருந்து குப்பென்று சூடு ஏறி முகம் வரை போய், சில நிமிடத்தில் வியர்த்து அடங்கினால், பகலிலும் அப்படி வந்தால், பெரும்பாலும் மாதவிலக்கு நிற்கும் காலத்து வியர்வை. சர்க்கரைக்கு இன்சுலின் அல்லது கிளிமெபிரைடு எடுப்பவர்கள் நடுராத்திரியில் வியர்வையோடு நடுக்கம், பசி, படபடப்பு என்று எழுந்தால் உடனே சர்க்கரை பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, எடையும் குறைந்தால் தைராய்டு பார்க்கச் சொல்வார்கள். கட்டிகள் கழுத்திலும் அக்குளிலும் வலியில்லாமல் பெருத்தால் நிணநீர்க் கட்டிப் புற்று இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். முடக்குவாதக்காரர்களுக்கு அது மற்றவர்களைவிடச் சற்று அதிகமாக வருகிறது. அரிதுதான், பயந்து தூக்கம் கெட வேண்டாம். காட்டிவிட்டால் போதும்.

அப்புறம், நாம் விழுங்கும் மாத்திரைகள். பாராசிட்டமாலும் வலி மாத்திரைகளும் லேசான காய்ச்சலை இறக்கும்போது வியர்வையாகத்தான் இறக்கும். வலிக்குக் கொடுக்கும் டிரமடால், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், டுலாக்செடின் ஆகியவற்றுக்கும் வியர்க்கவைக்கும் குணம் உண்டு. ஸ்டீராய்டுக்கும் உண்டு. அதைக் காலையில் சாப்பாட்டுக்குப் பின் எடுக்கச் சொல்லியிருந்தால் ராத்திரிக்குத் தள்ளாதீர்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். முக்கியமாக, நாள்பட எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பெயர் எழுதாத பொட்டலத்தில் தரும் மூட்டு வலிப் பொடி, "ஒரே வாரத்தில் நடக்க வைக்கும்" உருண்டை இவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டைக் கலந்துதான் தருகிறார்கள். அப்படி எதையாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் திட்டினாலும் பரவாயில்லை.

எங்கள் பக்கத்தில் மூட்டு என்றாலே, "புத்தூர் போய் ஒரு கட்டுப் போட்டுக்கிட்டு வந்துடும்மா" என்று பெரியவர்கள் அன்போடு சொல்வார்கள். புத்தூர் கட்டு எலும்பு முறிவுக்குப் பேர்போனது. முடக்குவாதம் முறிவு அல்ல. வீங்கிய மூட்டை இறுக்கிக் கட்டி அசையாமல் வைத்தால் விறைப்புதான் கூடும்.

இப்போது ஒரு நோட்டு வாங்குங்கள். டாக்டரிடம் "ரொம்ப வியர்க்குது" என்றால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. இரண்டு வாரக் குறிப்பை நீட்டினால் பேச்சே மாறிவிடும். சாயங்காலம் ஆறு மணி வாக்கில் ஒருமுறை, வியர்த்து எழுந்ததும் ஒருமுறை காய்ச்சல் பாருங்கள். அக்குளில் வைப்பதானால் முதலில் துண்டால் நன்றாகத் துடைக்க வேண்டும். ஈர அக்குளில் வைத்தால் குறைவாகக் காட்டும். நாக்கடியில் வைப்பதானால் தண்ணீர் குடித்துக் கால் மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஆகவே எழுந்ததும் முதலில் தெர்மாமீட்டர், பிறகுதான் தண்ணீர். டிஜிட்டல் தெர்மாமீட்டரின் சின்னப் பொத்தானை விரல் நுனியால் அழுத்த வராதபோது, மேஜைமேல் படுக்கவைத்து விரல் முட்டியால் அழுத்துவேன். அது வரும்.

எழுத வேண்டியவை: எத்தனை மணிக்கு வியர்த்தது, உடுப்பு மாற்ற வேண்டி வந்ததா, காய்ச்சல் அளவு, கரண்ட் இருந்ததா, ராத்திரி வலி மாத்திரை போட்டது எத்தனை மணிக்கு, முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை எடுக்கும் மெதோட்ரெக்சேட் நாள் எது, காலையில் விறைப்பு எவ்வளவு நேரம். விறைப்பு நேரத்தை நான் காபி டம்ளரை வைத்துக் கணக்கிடுகிறேன். எழுந்த நேரத்தையும், டம்ளரை ஒரே கையால் தூக்க முடிந்த நேரத்தையும் எழுதிவிடுவேன். வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை. பேனா பிடிக்க முடியாத நாளில் செல்போனில் குரலாகப் பதிந்து வைத்துவிட்டுப் பிறகு வீட்டில் யாரையாவது எழுதச் சொல்லலாம். இரண்டு வாரம் போனால் ஒரு ஒழுங்கு தெரியும். வலி மாத்திரை போட்ட ராத்திரிகளில் மட்டும் இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வியர்க்கிறதா, விறைப்பு கூடிய நாட்களோடு சேர்ந்து வருகிறதா, சம்பந்தமே இல்லாமல் தினமும் வருகிறதா என்று.

இனி ராத்திரியைச் சமாளிப்பது. மற்றவர்களுக்குச் சொல்லும் யோசனைகள் நமக்கு முழுசாகப் பொருந்தாது. ராத்திரி இரண்டு மணிக்கு நம் கை எப்படி இருக்கும் என்பது நமக்குத்தான் தெரியும். மெத்தை விரிப்பை உருவி மாற்ற வராது, கொக்கி போட வராது, பின்பக்கம் ஜிப் இழுக்க வராது. ஆகவே எல்லாவற்றையும் படுக்கும் முன்பே தயார் செய்து வைக்க வேண்டும்.

மெத்தைக்கு ரெக்சின் உறையோ பிளாஸ்டிக் உறையோ இருந்தால் எடுத்துவிடுங்கள். சூட்டை வெளியே விடாது. ஸ்பாஞ்ச் மெத்தையும் அப்படித்தான். இலவம் பஞ்சு மெத்தை நல்லது, ஆனால் நனைந்தால் தூக்கிக் காயப்போட நமக்கு ஆள் வேண்டும். நான் கட்டிலில் மெத்தைமேல் கோரைப்பாய் ஒன்றை விரித்து, அதன்மேல் பழைய பருத்தி வேட்டி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்கிறேன். பாய்க்கும் மெத்தைக்கும் நடுவே காற்று போகும், வியர்வை மெத்தைக்கு இறங்காது. தரையில் பாய் போட்டுப் படுப்பதுதான் குளிர்ச்சி என்றாலும் முழங்கால் வீங்கியவர் தரையிலிருந்து எழுவது பெரும்பாடு. அதனால் பாயைக் கட்டிலுக்கு ஏற்றிவிட்டேன். வேட்டிகளை மெத்தைக்கு அடியில் செருகுவதில்லை. மேல் வேட்டி நனைந்தால் புரண்டு படுத்து, முழங்கையால் தள்ளினாலே கீழே விழுந்துவிடும். அடியில் காய்ந்த வேட்டி தயாராக இருக்கும். விரலுக்கு வேலையே இல்லை. கீழே விழுந்ததைக் காலில் சிக்காமல் ஒரு பக்கமாகத் தள்ளிவிடுங்கள். இருட்டில் தடுக்கி விழுந்தால், ஸ்டீராய்டு எடுத்து எடுத்து மெலிந்துபோன எலும்பு தாங்காது. கட்டிலருகே ஒரு சின்ன விடிவிளக்கு அவசியம்.

உடுப்பு முழுப் பருத்தியாக, தொளதொளவென்று, முன்பக்கம் திறப்பதாக இருக்க வேண்டும். பொத்தானுக்குப் பதில் வெல்க்ரோ ஒட்டித் தரச் சொல்லித் தையல்காரரிடம் கேட்டேன். பத்து நிமிட வேலை என்று உடனே செய்துகொடுத்தார். நனைந்த நைட்டியைத் தலைவழியாகக் கழற்றுவது தோள் பிடித்தவர்களுக்கு நரகம். முன்பக்கம் திறந்தால் தோளிலிருந்து நழுவவிட்டால் போதும். மாற்று உடுப்பு ஒன்று, துண்டு ஒன்று, தலையணை உறைக்குப் பதில் சுற்றிக்கொள்ள இன்னொரு துண்டு ஆகிய மூன்றும் கட்டில் பக்கத்து நாற்காலியில், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும்.

நனைந்ததும் விசிறியைக் கூட்டி வைக்கத் தோன்றும். முதலில் துடையுங்கள், உடுப்பை மாற்றுங்கள், அப்புறம் விசிறி. ஈர உடம்பில் நேராகக் காற்று அடித்தால் குளிர்ந்து, காலையில் மணிக்கட்டும் முழங்காலும் மரக்கட்டையாகிவிடும். ஏர்கூலர் பங்குனி வெயிலுக்குச் சரி. ஐப்பசி மழை நாளில் காற்றே ஈரமாக இருக்கும்போது அது புழுக்கத்தைத்தான் கூட்டும்.

ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துக்கொள்வது நல்லது. எங்கள் பக்கத்துச் சாப்பாட்டில் ஆந்திரக் காரம் கலந்தே இருக்கும். கோங்குரா பச்சடியும் ஊறுகாயும் மதியத்தோடு போகட்டும். ராத்திரிக்கு மோர் சாதம், இட்லி, கஞ்சி போதும்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். வியர்த்து உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை போட்டால் சிறுநீரகத்துக்குக் கேடு. மெதோட்ரெக்சேட்டும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. தண்ணீர் வற்றினால் அது உடம்பிலேயே தங்கி விஷமாகும். அந்த மாத்திரை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். மறந்து தினமும் எடுத்தால் உயிருக்கு ஆபத்து. வியர்த்த மறுநாள் நீர்மோர், உப்பிட்ட கஞ்சித் தண்ணீர், இளநீர் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் உப்புக்கும் இளநீருக்கும் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும். ராத்திரிக்குக் கனமான செம்பு வேண்டாம். பாதி நிரப்பிய, பிடியும் திருகு மூடியும் வைத்த பிளாஸ்டிக் மக் போதும். மூடியைத் திருகி வையுங்கள், ஆனால் இறுக்கித் திருகாதீர்கள்.

சில நிலைகளில் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. வியர்வையோடு நெஞ்சு இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, மூச்சு வாங்குதல் வந்தால் 108-ஐ அழையுங்கள். இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான். முடக்குவாதக்காரர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். காய்ச்சல் 100.4-ஐத் தாண்டி, நீங்கள் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தில் இருந்தால் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். மெதோட்ரெக்சேட் எடுப்பவருக்கு வறட்டு இருமலும் மூச்சுத்திணறலும் புதிதாக வந்தாலும் அப்படியே. அடுத்த வேளை மெதோட்ரெக்சேட்டையோ ஊசியையோ போடலாமா என்று கேட்டுவிட்டே போட வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது நோட்டையும், சாப்பிடுகிற எல்லா மருந்தின் அட்டைகளையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ஏகாம்பரகுப்பத்தில் ரயிலேறி அரக்கோணம், அங்கிருந்து காட்பாடி இறங்கி வேலூர் சி.எம்.சி.க்குப் போவார்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் மூட்டுவாத நோய்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது. திருப்பதி பக்கம் போகிறவர்களும் உண்டு. எங்கே போனாலும் பழைய ரத்தச் சோதனைத் தாள்களோடு போங்கள். அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் சி.ஆர்.பி. அளவைச் சில லேப்களில் லிட்டருக்கு மில்லிகிராம் என்று போடுவார்கள், சில லேப்களில் டெசிலிட்டருக்கு என்று போடுவார்கள். ஒரு இடத்தில் 12, இன்னொரு இடத்தில் 1.2 என்று இருந்தால் நோய் குறைந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள், இரண்டும் ஒரே அளவுதான். எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள், முடிந்தால் ஒரே லேபில் எடுங்கள். டோசிலிஸுமாப் ஊசியோ டோஃபாசிடினிப் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு சி.ஆர்.பி. குறைவாகவே காட்டும், உள்ளே தொற்று இருந்தாலும்கூட. அவர்கள் அந்த எண்ணை நம்பி வியர்வையைச் சொல்லாமல் விடக் கூடாது.

கேட்க வேண்டிய கேள்விகளையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் முன்கூட்டியே எழுதி வையுங்கள்: இந்த வியர்வை நோய் கூடியதாலா, மருந்தாலா, காசநோய்ச் சோதனை மறுபடி எடுக்கலாமா, தைராய்டும் சர்க்கரையும் பார்க்க வேண்டுமா, வலி மாத்திரையின் நேரத்தை மாற்றலாமா? "வெயில்தான்மா காரணம்" என்று அங்கேயும் சொன்னால் நோட்டைத் திறந்து, பக்கத்தில் படுத்தவர் வியர்க்காமல் தூங்கிய ராத்திரிகளைக் காட்டுங்கள்.